சுக்கு காபியும் ஓர் ஈரத் துணியும்

1

இங்கே மரங்களில் இலை பழுக்கத் தொடங்கியதும் காபிக் கடைகளின் வாசலில் ஒரு கரும்பலகை வந்து நிற்கும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி எல்லாம் போட்ட காபி வந்துவிட்டது என்று வண்ணச் சாக்கட்டியில் எழுதியிருப்பார்கள். மினியாபொலிஸில் பனி விழுவதற்கு முன்னால் வரும் அந்தச் சில வாரங்களுக்காக என் அலுவலகமே காத்திருக்கும். கம்பளிச் சட்டையோடு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று பக்கத்து மேசைப் பெண் ஒருமுறை கேட்டாள். உண்டு, வீட்டில் போடுவோம் என்று சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் போடுவோம் என்பது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

போன சனிக்கிழமை காலை அம்மா காஞ்சிபுரத்திலிருந்து போன் செய்தாள். அப்பா போய் ஒரு வருடம். நாளைக்குத் திதி வருகிறது, இங்கே உன் சித்தப்பா முன்னால் நின்று செய்வார், நீ அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். இலை போட்டு வடை பாயசத்தோடு படைக்கிறேன் என்றேன்.

“வடை பாயசமெல்லாம் அவுரு என்னிக்கு ஆசையா தின்னாரு? ஒரு டம்ளர் சுக்கு காபி போட்டு வை, போதும்” என்றாள். பிறகு, “உன் கையால போட்டு அவுரு ஒரு நாளும் குடிச்சதில்ல செல்வி” என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. நினைவு வந்ததைச் சொன்னாள். ஊரெல்லாம் அப்பா கையால் குடித்தது. அவர் எனக்குப் போட்டுத் தந்ததற்கு அளவே இல்லை. நான் அவருக்கு ஒரு டம்ளர் போட்டுத் தரவில்லை என்பது, அம்மா சொல்லும்வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

2

இதைப் படிக்கிற உங்களில் சிலர் அவரிடம் குடித்திருக்கலாம். பச்சைச் சைக்கிள். பின்னால் கேரியரில் குழாய் வைத்த பித்தளை கேன், அதன் அடியில் கரி போடுகிற சின்ன அடுப்பு. காலையில் பேருந்து நிலையத்தருகே, மாலையில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. “சுக்கு” என்றால் அவர்தான்.

அவர் செய்வதை நான் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். சுக்கை முதலில் கையில் எடுத்து உடைத்துப் பார்ப்பார். சட்டென்று முறிந்தால்தான் நல்ல சுக்கு, வளைந்தால் கடைக்காரனிடமே திரும்பப் போகும். மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுப்பார். சுக்கு ஒரு கிளாஸ் என்றால் மல்லி இரண்டு கிளாஸ், மிளகு கால், சீரகம் அதில் பாதி. ஏலக்காயைத் தோலோடு போடுவார். திப்பிலி நான்கைந்து. மல்லி வெடிக்கிற சத்தம் வரும்வரை சின்னத் தீயில் வறுத்து, ஆறவைத்து, உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிப்பார். மைய அரைத்தால் கேனின் குழாயில் அடைத்துக்கொள்ளும். பனைவெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டுவார், மண் இருக்கும் என்பதால். எல்லாம் கொதித்து இறக்கிய பிறகுதான் காபித் தூள். கொதிக்கும்போது போட்டால் கசக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் மணி நான்கு அடித்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். ஆட்கள் வெளியே வந்து சைக்கிளைச் சுற்றி நிற்பார்கள். “இன்னா சுக்கு, இன்னிக்குக் காரம் கம்மியா இருக்குது, வூட்ல சமாதானமா?” என்று ஒருவர் கேட்பார். “வூட்ல சண்டைன்னா வெல்லம்தாம்பா கம்மியாவும்” என்பார் அப்பா.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற சைக்கிள்காரர்களிடம் நான் அதைப் பார்த்ததில்லை. கைப்பிடியின் இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைக் கிழித்த துணி, ஒவ்வொன்று, நனைத்துப் பிழிந்து தொங்கும். குடித்து முடித்தவர்கள் விரல்களைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பனைவெல்லம் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த விரலோடு போய்த் தறியில் நீட்டியிருக்கும் பட்டு நூல் பாவில் கை வைத்தால் கறை. ஒருமுறை, சந்தன நிறத்து முகூர்த்தப் புடவையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை விழுந்து, அந்தப் புடவையையே முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தத் துணி. யாராவது மறந்து நடந்தால் பின்னாலேயே துணியை எடுத்துக்கொண்டு போவார். “கையக் குடுங்க” என்று சொல்லி, பெரிய ஆளாக இருந்தாலும், குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்து அனுப்புவார்.

எங்கள் வீட்டுக்கும் பட்டுக்கும் இருந்த உறவு அந்த ஈரத் துணி மட்டும்தான். எங்களிடம் தறி இருந்ததில்லை, கடை இருந்ததில்லை. அம்மாவின் கல்யாணப் புடவைகூடப் பட்டு இல்லை.

3

எங்கள் குடும்பத்தில் எழுத்து நான் கொண்டுவந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துக்கூட வராது, கட்டைவிரல்தான். அம்மா பேருந்துகளை நிறத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே ரேஷன் கடைப் பலகையிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை தெருவில் பாதிப் பேருக்குப் படித்துச் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. எதையாவது நான் எழுதிவிட்டால் அப்பா அதைத் தலைகீழாக வைத்துக்கூட ரசிப்பார். கேனில் “சுக்கு காபி” என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியவள் நான்தான். ‘கா’வின் கால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அதைச் சரி செய்கிறேன் என்றபோது தொடவிடவில்லை.

ஆறாம் வகுப்பில் டீச்சர் பதிவேட்டில் அப்பாவின் தொழிலைக் குறிக்க ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். நான் எழுந்து, சைக்கிளில் சுக்கு காபி விற்கிறார் என்று சத்தமாகச் சொன்னேன். எங்களுக்கு எப்போது தருவாய் என்று டீச்சர் கேட்டார். மறுநாள் இடைவேளையில் பள்ளிக்கூடத்து வாசலில் பச்சைச் சைக்கிள் நின்றது. ஒன்பது டீச்சர்களுக்கும் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுதும் நான் ஓர் அடி உயரத்தில் நடந்தேன்.

பிறகு எப்போது மாறினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கல்லூரி ஸ்ரீபெரும்புதூர் பக்கம். காலையில் கல்லூரிப் பேருந்து நிற்கிற இடமும் அப்பா நிற்கிற இடமும் ஒன்று. முதல் வருடம் அவரிடம் குடித்துவிட்டுத்தான் ஏறுவேன். இரண்டாம் வருடம், சேர்ந்து வருகிற பெண்கள் அவரிடம் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் துணியை நீட்டியபோது முகத்தைச் சுளித்ததைப் பார்த்தேன். அவர் என் அப்பா என்று நான் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஏறினேன். இரண்டு வாரத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராஜாஜி மார்க்கெட் பக்கம் போய்விட்டார். ஏன்பா என்று கேட்டேன். “அங்க வியாபாரம் நல்லா ஆவுதுமா” என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இங்கே வந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. காஞ்சிபுரம் என்று சொன்னால் போதும், அடுத்த வார்த்தையை எதிரில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். ஓ, பட்டா! நான் தலையை ஆட்டினால் போதும். எங்கள் அடுக்ககத்தில் கோயம்புத்தூர்க்காரர் கவிதா அக்கா இருக்கிறார். நல்ல மனுஷி, எனக்குப் பிரசவம் பார்க்க ஆள் இல்லாதபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவர் ஒரு தீபாவளி விருந்தில், உங்கள் வீட்டில் தறியா கடையா என்று கேட்டார். “கடை” என்றேன். வாய் தானாகச் சொன்னது. சின்னதாக ஒன்று என்றும் சேர்த்துக்கொண்டேன், அடக்கம்போல. என் கணவர் பிரபு தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் கவிதா அக்கா புடவைப் படங்களை அனுப்பி ஜரிகை அசலா என்று கேட்பார். நான் இணையத்தில் தேடிப் படித்துவிட்டுப் பதில் சொல்வேன். இப்படியே கொஞ்சம் பட்டு கற்றுக்கொண்டேன்.

4

என் மகள் மகிழுக்கு இப்போது எட்டு வயது. தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். வாரம் ஒருமுறை திரையில் தாத்தாவிடம் முகத்தைக் காட்டுவாள். “பாப்பா, சாப்ட்டியா?” என்பார் அவர். “யெஸ்” என்பாள் இவள். “இன்னா சாப்ட்ட?” என்று அவர் கேட்பதற்குள் ஓடியிருப்பாள். காலியான நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவரே சொன்னார்: “போன்ல பழகறது பழக்கமாம்மா? ஒரு மாசம் கூட இருந்தா ஒட்டிக்கும்.”

என்னிடம் எதையும் கேட்காத மனிதர். அவர் கேட்டது அந்த ஒன்றுதான், பேத்தியோடு ஒரு மாதம். அழைத்துவருவது என்று முடிவு செய்தோம்.

விசாவுக்கான படிவத்தை இணையத்தில் நான்தான் நிரப்பினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக, பக்கம் பக்கமாகக் கேள்விகள். கவிதா அக்கா இரண்டு முறை தன் பெற்றோரை அழைத்துவந்தவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் உதவிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொழில் என்ற கட்டம் வந்தது. என் விரல் நின்றது.

“பட்டுக் கடைதானே, அதையே போடு. சொந்தத் தொழில்னா நல்லதுதான்” என்றார்.

பட்டு வியாபாரம் என்று அடித்தேன். பிரபு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் ஒரு நிமிடம் நின்றது, பிறகு மறுபடியும் கேட்டது. அன்று மாலை, இன்னும் அனுப்பவில்லையே, மாற்றிவிடு என்றார். தெருவில் காபி விற்கிறவர் என்று எழுதினால் விசா தரமாட்டார்கள் என்றேன். அது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம், கவிதா அக்கா அந்தப் படிவத்தை மறுபடி ஒருமுறை பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அனுப்பிவிட்டேன்.

நேர்காணலுக்கு முன்பு இரண்டு வாரம், தினமும் போனில் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன். எங்கே போகிறீர்கள், எதற்கு, எத்தனை நாள், பேத்தி பெயர், மருமகன் வேலை. பள்ளிக்கூடம் போகாத மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒப்பித்தார். ஊரின் பெயர் மட்டும் நாக்கில் நிற்கவில்லை. “மினி பஸ்னு வெச்சுக்கினேன், மினின்னு ஆரம்பிச்சா மீதி வந்துடுது” என்று சிரித்தார். சுக்குப் பொடி இடித்து இரண்டு டப்பா தயாராக வைத்திருந்தார். அந்தக் குளிரில் சுக்கு காபி குடிக்கிறவர்கள் உண்டா, சைக்கிள் கிடைக்குமா என்று கேட்டார். கேலிதான், ஆனாலும் பாதி நிஜமாகவே கேட்டார்.

கடைசி நாள் அவராகவே கேட்டார்.

“வேல இன்னான்னு கேட்டா இன்னாமா சொல்றது?”

ஒரு வரி போதும். படிவத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன்பா, இப்படிச் சொல்லிவிடு என்ற ஒரே ஒரு வரி. ஆனால் அதைச் சொன்னால், ஏன் அப்படி எழுதினாய் என்று அவர் கேட்காவிட்டாலும், நான் அதற்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும்.

“அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா” என்றேன்.

5

கிடைக்கவில்லை. போனில் அப்பாதான் சொன்னார். “கெடைக்கலமா. நான்தான் சரியா பேசல. பயந்துட்டேன்.”

நான் இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நான் அவரைத் திட்டினேன். இரண்டு வாரம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேனே, அப்படி என்னதான் பேசினாய், நாலு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதா என்று கேட்டேன். மகிழ் ஆசையாகக் காத்திருந்தாள் என்றும் சொன்னேன். அது பொய். அவளுக்கு அந்த நாள் என்னவென்றே தெரியாது.

“மறந்துட்டேன்மா” என்றார். “வயசாயிடுச்சில்ல.”

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், குளிர் ஒத்துக்காது, முட்டி வலிக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளினார். ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழை நாளில், காலை வியாபாரம் முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்று வாசலிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, மதியம், நானும் அம்மாவும் வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், அப்பா அன்றைக்குக் கொஞ்சம் தைரியமாகப் பேசியிருந்தால் மகிழைப் பார்த்துவிட்டாவது போயிருப்பார் என்றேன். அம்மா இலையைக் கீழே வைத்தாள்.

“அவுரு நல்லாத்தாண்டி பேசினாரு” என்றாள். “சொல்லாதன்னு சொல்லியிருந்தாரு. அவுரே போயிட்டாரு, இனிமே இன்னா.”

பிறகு சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் தமிழில் கேட்பதற்கு ஓர் அம்மாள். பேத்தி பெயர், எத்தனை நாள், ஊர் பெயர், எல்லாவற்றுக்கும் அப்பா தடங்கலில்லாமல் பதில் சொன்னாராம். மினி பஸ்ஸும் சரியாக வந்ததாம். அடுத்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சைக்கிளில் சுக்கு காபி விற்கிறேன் என்றாராம். அதிகாரி கணினியைப் பார்த்திருக்கிறார். படிவத்தில் பட்டு வியாபாரம் என்று இருக்கிறதே என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்.

“இவுரு என்னத் திரும்பிப் பாத்தாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் அவங்ககிட்ட சொல்றாரு, ‘அப்பிடின்னா அதுதாங்க சரி. எம்பொண்ணு எழுதினது. படிச்ச பொண்ணுங்க, தப்பா எழுதாது. நான்தான் மாத்தி சொல்லிட்டேன்’னு.”

நான் கையில் இருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, பட்டு வியாபாரத்துல நீங்க இன்னா பண்றீங்கன்னு கேட்டுச்சு அந்தம்மா. கொஞ்ச நேரம் யோசிச்சாரு. ‘பட்டு மேல கறை படாம பாத்துக்குவேங்க’ன்னாரு.”

அந்த அம்மாளுக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் போயிருக்க வேண்டும். பிறகு கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்து வழியாக ஒரு காகிதம் வந்திருக்கிறது. அப்பா அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே ஆள் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் யார்தான் விடுவார்கள்.

சென்னையிலிருந்து திரும்பும் பேருந்தில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னாராம்: “செல்விகிட்ட இத சொல்லாத. அங்க நாலு பேருகிட்ட அப்பிடி சொல்லிக்கினு இருக்கும். அது காலேஜ் போறப்பவே எனக்குத் தெரியும். சொன்னா இன்னா இப்ப, கொழந்ததான.”

ராஜாஜி மார்க்கெட் பக்கம் வியாபாரம் நன்றாக ஆகவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் அம்மா சொன்னாள்.

எழுந்து வெளியே போனேன். சைக்கிள் சுவரோரம் நின்றது. கேனில் என் கையெழுத்து, ‘கா’வின் கால் நீளமாக. கைப்பிடியில் இரண்டு துணிகளும் காய்ந்து விறைத்திருந்தன. ஒன்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது இங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி அந்தக் கந்தலைக் கையுறை போட்ட விரலால் தூக்கி, இது என்ன என்று கேட்டார். என் தந்தையின் தொழிற்கருவி என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் அதிகாரி அவர். ஒன்றும் புரியாமல் உள்ளே வைத்து மூடினார்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லியை வறுத்தேன். வெடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தபோது கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணிதான் முதலில் அடித்தது. பிரபு நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறி அதை அடக்கினார். ஜன்னல்களைத் திறந்ததும் வீடெல்லாம் குளிர். இந்திய மளிகைக் கடையில் வாங்கிய சுக்கு முறியவில்லை, வளைந்தது. வேறு இல்லை. அப்பா இடித்து வைத்திருந்த இரண்டு டப்பாவும் என்னவானது என்று கேட்டிருந்தேன். விசா கிடைக்காத வாரத்திலேயே கேனில் போட்டு விற்றுவிட்டாராம்.

எல்லாவற்றையும் இடித்துக் கொதிக்க வைத்திருந்தபோது மகிழ் ஒரு தாளோடு வந்தாள். செவ்வாய்க்கிழமை பள்ளியில் குடும்பக் கதை சொல்ல வேண்டும், பெற்றோர்களும் வருவார்கள், கவிதா அக்காவின் மகனும் அதே வகுப்பு. தாளின் மேல்பாதியில் பென்சிலால் ஒரு கடை வரைந்திருந்தாள். கதவு, படிக்கட்டு, மேலே பெயர்ப்பலகை. கீழே, என் தாத்தா இந்தியாவில் பட்டுக் கடை வைத்திருந்தார் என்று ஆங்கிலத்தில்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

“நீதான். கவிதா ஆன்ட்டிகிட்ட” என்றாள் ஆங்கிலத்தில்.

அடுப்பை அணைத்தேன். காபித் தூளைப் போட்டு மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாத்தா பட்டுக் கடை வைத்திருக்கவில்லை, சைக்கிளில் சுக்கு காபி விற்றார் என்று சொன்னேன். இதோ, இந்த வாசனைதான். கேன் எப்படி இருக்கும், அதன் அடியில் நெருப்பு எப்படி இருக்கும் என்று கையால் காட்டினேன். அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

“சைக்கிள்ல நெருப்பா? ஓட்டிக்கிட்டே?” என்றாள் தமிழிலேயே. பிறகு, “இத ஏன் நீ சொல்லவே இல்ல?” என்றாள்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவர் கேட்கவில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையை ரப்பரால் அழித்தாள். சைக்கிள் வரைவது கஷ்டம் என்று புகார் சொல்லிக்கொண்டே வரைந்தாள்.

செவ்வாய்க்கிழமை கவிதா அக்கா முன்வரிசையில் இருப்பார். எப்படி முகத்தைப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அதற்கு முன்பே இதை எழுதி ஊர்க்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன். கவிதா அக்காவிடமும் போய்ச் சேரும், வாட்ஸாப்பில் எது ஓரிடத்தில் நிற்கிறது.

அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்தேன். மகிழுக்கு அரை டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு இருமினாள், காரம் என்றாள், இன்னொரு வாய் குடித்தாள். பனைவெல்லக் கட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை போடுவதற்காகப் பட்டுப் பாவாடையைச் சோபாவில் எடுத்து வைத்திருந்தேன், சந்தன நிறம். வெல்லம் ஒட்டிய கையோடு அதை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்க்க ஓடினாள்.

“இரு” என்றேன்.

பெட்டியிலிருந்து அந்தத் துணியை எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்தேன். கையைக் கொடு என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிசுக்குப் போனதும் விட்டேன். பாவாடையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

படத்துக்கு முன்னால் இருந்த டம்ளர் அதற்குள் ஆறிப்போயிருந்தது. படைத்ததை வீணாக்கக் கூடாது. நின்றபடியே எடுத்துக் குடித்தேன். சுக்கு தூக்கலாக இருந்தது, வெல்லம் போதவில்லை, காபித் தூளைச் சூடு அடங்குவதற்குள் போட்டிருக்கிறேன், கசந்தது. அப்பா குடித்திருந்தால், சரியாத்தான் இருக்குது என்று சொல்லியிருப்பார். நான் செய்த எதுவும் அவருக்குத் தப்பாகத் தெரிந்ததே இல்லை.